இருபத்து மூன்று கிலோ

காயலாங்கடைத் தராசில் ஏற்றி
இருபத்து மூன்று என்று
பெட்டி மேலேயே சாக்பீஸால் எழுதினார் முபாரக் பாய்.
அது ஏப்ரலில்.
எழுத்து இன்னும் அழியவில்லை.

தம்பி கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் லீவு.
பதினோராம் நாள்
அந்த ஊரில் ரொட்டி விலைக்காகக் கிளம்பிய கூட்டம்
பாலத்தை மறித்தது.
மறுநாள் பாலமே இல்லை என்றார்கள்.
பிறகு இருக்கிறது என்றார்கள்.
பிறகு விமான நிலையத்தை மூடினார்கள்.
அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

டிக்கெட் கம்பெனியின் செய்தியில்
தேதி ஒன்றுதான் மாறுகிறது, ஐந்து தடவை ஆகிவிட்டது.
விசாவின் கடைசித் தேதி
இருந்த இடத்திலேயே இருக்கிறது.
'உங்கள் பொறுமைக்கு நன்றி.'
கொருக்குப்பேட்டை கேட்டில் வளர்ந்தவளிடமா.
டேங்கர் வண்டியை எண்ணி எண்ணியே
பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போனவள் நான்.
ஐம்பதைத் தாண்டினால் கார்டு பெட்டி வரும்,
கேட் தூக்குவார்கள்.
இதற்குக் கார்டு பெட்டி எது?

முதல் தேதி தள்ளியபோது
நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் பிரித்தோம்.
அடுத்ததற்கு ஊறுகாய்.
அப்புறம் அப்பளம், அப்புறம் சபித்ரிக்கு வாங்கிய முறுக்கு.
இப்போது பதினாறு கிலோ இருக்கலாம்.
பாய் கடை வழியாகப் போவதில்லை.

வீட்டில் அறை ஒன்று.
அதில் நான்.
ஹாலில் அம்மாவின் கட்டிலுக்கு
அந்தப் பக்கம் சாலமோன்,
இந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி.
மொட்டைமாடியில் படுத்துக்கொள்கிறேன் என்றால்
"கொசு பிச்சிடும்க்கா" என்கிறான்
சுவரைப் பார்த்துக்கொண்டு.

தண்ணி லாரி வரிசையில் ஒரு குரல்:
"இன்னா, வேலை பூடுச்சா?"
"இல்லக்கா, ரோடு மூடிக்கீது."
"எந்த ரோடு?"
குடத்தை ஒரு அடி நகர்த்தினேன்.

ராத்திரியானால் சபித்ரி குரல் அனுப்புவாள்,
அவளுக்கும் எனக்கும் சொந்தமில்லாத இந்தியில்.
லேபுக்கு நடந்துதான் போகிறாளாம்,
வெள்ளைக் கோட்டைக் கொடி மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு.
'உன் பக்கத்து ஜன்னல் கண்ணாடி போச்சு,
உன் போர்வையைத்தான் கட்டியிருக்கேன், திட்டாதே.
புதினா நல்லா இருக்கு.'
அவள் பேச்சுக்குப் பின்னால் படபடவென்று ஏதோ.
கதவா, வேறெதுவுமா?
காதில் அழுத்தி நாலு முறை கேட்டேன்.
ஐந்தாம் முறை
பின்தெருவில் யாரோ பெரியவரின் சாவுக்குச்
சரவெடி கொளுத்தினார்கள்.
எது எங்கே வெடிக்கிறதென்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

நேற்று மீன் அலசும்போது வாய் தவறிவிட்டது:
"வீட்டுக்கு எப்பப் போவேனோ."
அம்மா அரிவாள்மணையை நிறுத்தவில்லை.
சங்கராவின் செதிள் ஒன்று தெறித்து
அவள் கன்னத்தில் ஒட்டி மினுங்கியது.
துடைத்துவிட எனக்குக் கை எழவில்லை.

எப்சிபாதான் நிமிர்ந்தாள்.
பழவேற்காட்டிலிருந்து வந்து இரண்டு மாதம்,
எந்த டப்பாவில் மிளகாய்த்தூள் என்று
இன்னும் திறந்து திறந்து பார்க்கிறவள்.
"போன்ல நானும் அப்டிதான் சொல்லிட்றேன்க்கா.
அப்பால நாக்கக் கடிச்சிக்கிறேன்" என்றாள்,
அம்மாவுக்குக் கேட்காத குரலில்.
அம்மாவுக்குக் கேட்டது.

இன்று ஆறாவது தேதி வந்திருக்கிறது: வியாழக்கிழமை.
யாரிடமும் சொல்லவில்லை.
பெட்டியை ஹாலுக்கு இழுத்து வந்தேன்.
அவர்கள் பாய் இரண்டையும் அறைக்குள் போட்டேன்.
கேள்வி வருமுன் விளக்கை அணைத்து
அம்மாவின் கட்டிலுக்குக் கீழே படுத்தேன்.

ஒரு மணிக்குச் சரக்கு வண்டி.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது, தட்டு அலமாரி அதிர்ந்தது.
வழக்கம்போல எண்ணத் தொடங்கி
எங்கேயோ விட்டுவிட்டேன்.
டைல்ஸ் தரையில்
பெட்டியின் சக்கரம் தானாக
அரை விரல் நகர்ந்து
நின்றது.